கணினி விட்டுக் கணினிக்கு



வீடு மாறுவோர் கட்டிலையும் மேசையையும் முதலில் வண்டியேற்றுவர். அவை கண்ணுக்குப் புலனாவன, எண்ணிக் கணக்கிடத்தக்கன. அலுமாரியின் அடித்தட்டிலே கிடக்கும் பழைய கடிதக் கட்டும், நாட்காட்டியின் ஓரத்திலே குறித்துவைத்த முகவரியும், இன்ன பொருள் இன்ன இடத்தில் என்று கை பழகிப்போன ஒழுங்குமே பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. பழைய கணினியை நீக்கிப் புதியதொன்றை வாங்குவோர்க்கும் இதுவே நேர்கின்றது. எழுதிய கட்டுரைகளும் எடுத்த படங்களும் தவறாமல் வந்து சேர்கின்றன. ஆனால் பல்லாண்டுக் கால மின்னஞ்சல்களும், வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியிலே சேர்த்துவைத்த புத்தகக்குறிகளும், கடவுச்சொற்களும், அஞ்சற் கணக்கின் அமைவுகளும் வந்து சேர்ந்தனவா என்னும் ஐயம், பழைய கணினியைப் பிறர்க்குக் கொடுத்துவிட்ட பின்னரே பலருக்கு எழுகின்றது.

இதனைச் சிறு பொருளென்று ஒதுக்கிவிட இயலாது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பெற்றோருக்கு எழுதிய மடல்கள் இன்று பெரும்பாலும் மின்னஞ்சற் பெட்டியிலேயே உள்ளன. ஒருவர் யாரோடு பழகினார், எதனைத் தேடினார், எதனை மீண்டும் படிக்க விரும்பினார் என்பதற்கு அவரிடத்து எஞ்சும் சான்றும் இவையே. இவற்றை ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குத் தடையின்றிக் கொண்டு செல்ல இயலுமா என்னும் வினாவுக்குள்ளே, இவை உண்மையில் யாருக்கு உரியவை என்னும் வினாவும் அடங்கியுள்ளது. கடந்த அறுபது ஆண்டுகளில் இவ்வினாவுக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் கிடைத்து வந்துள்ளன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

தொடக்கத்தில் இத்தொல்லை இருக்கவில்லை. 1960களில் கணினி என்பது ஓர் அறையை நிரப்பிய பெரும்பொறி. பல முனையங்களில் அமர்ந்த பலரும் அவ்வொரு பொறியையே ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தினர். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ரொம் வான் விளெக், நோயல் மொறிஸ் என்னும் இருவர் அத்தகைய பொறியொன்றிலே ஒருவருக்கொருவர் மடல் விடுக்கும் கட்டளையை அமைத்தனர். எழுதப்பட்ட மடல், பெறுபவருக்குரிய இடத்திலே அஞ்சற்பெட்டி என்னும் பெயர் கொண்ட கோப்பிற் சென்று தங்கியது. 1971இல் ரே ரொம்லின்சன் என்பார் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு மடல் செல்ல வழிவகுத்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, இன்று மின்னஞ்சல் முகவரிகள் அனைத்திலும் காணப்படும் சுழிக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. எனினும் படிப்பவர் எந்த முனையத்தில் அமர்ந்தாலும் அவருடைய மடல் இருந்த இடம் ஒன்றே. முனையத்தை மாற்றுவது, நூலகத்தில் ஒரு கதிரையை விட்டு வேறொரு கதிரையில் அமர்வதை ஒத்தது. நூல்கள் இருந்த தட்டிலேயே இருந்தன.

தனியாள் கணினி மேசைக்கு மேசை வந்த 1980களிலேயே நிலைமை மாறியது. மேசையிலிருக்கும் சிறு கணினி எந்நேரமும் விழித்திருப்பதில்லை. எந்நேரமும் வலையமைப்போடு இணைந்திருப்பதுமில்லை. ஆதலால், மடல்களை ஏற்றுக் காத்திருக்க என்றும் விழித்திருக்கும் சேவையகம் ஒன்றும், அங்கிருந்து அவற்றை எடுத்துவர ஒரு நெறிமுறையும் தேவைப்பட்டன. 1984இல் வெளியான அந்நெறிமுறைக்குத் தபாலக நெறிமுறை என்றே பெயரிட்டனர். பெயருக்கேற்ப, தபாற்கந்தோருக்குச் சென்று கடிதங்களைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவருவது போன்றதே அதன் முறை. வழக்கமாக, மடல் மேசைக் கணினிக்கு இறங்கியதும் சேவையகத்திலிருந்த படி அழிக்கப்பட்டது. அன்றுமுதல் மடலின் ஒரே படி ஒரு குறித்த பொறியின் உடைமையாயிற்று. பொறி பழுதடைந்தால் மடலும் போயிற்று.

இதற்கு மாற்று வழியொன்றும் விரைவிலேயே தோன்றியது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கிறிஸ்பின் 1986இல் வேறொரு நெறிமுறையை வகுத்தார். ஐமெப் என்று இன்று வழங்குவது அதுவே. மடல்களைச் சேவையகத்திலேயே இருக்கவிட்டு, எந்தக் கணினியிலிருந்தும் சென்று படிக்கலாம் என்பது அதன் கருத்து. கருத்து சிறந்ததாயினும் காலம் அதற்கு இடந்தரவில்லை. சேவையகத்தில் இடம் விலைமிக்கதாக இருந்தது. வீட்டிலிருந்து இணைவோர் தொலைபேசிக் கம்பியின் வழியே இணைந்தனர். பல நாடுகளில் இணைந்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் செலுத்தினர். ஆதலின் மடல்களை விரைவாக இறக்கிக்கொண்டு தொடர்பைத் துண்டிப்பதே சிக்கனமாயிற்று. 1990கள் முழுவதும் வீடுகளில் தபாலக நெறிமுறையே ஓங்கியது.

மடல் ஒரு பொறிக்குள் அடைபட்டதாயினும், அதனை வெளியே எடுப்பது ஆரம்பத்தில் அரிதாக இருக்கவில்லை. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே மடல்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே எழுத்துக் கோப்பிற் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு மடலும் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஒரு குறித்த முதல்வரி காட்டியது. அவ்வளவே இலக்கணம். எவரும் திறந்து படிக்கலாம். எந்த மென்பொருளும் விளங்கிக்கொள்ளலாம். 1988இல் இலினொய் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவ் டோணர் என்பார் எழுதிய யூடோறா என்னும் அஞ்சல் மென்பொருளும் இம்முறையையே தழுவியது. அதன் விற்பனை வளர்ச்சி 2006இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதனுள் இருந்த மடல்கள் அதனோடு மடியவில்லை. கோப்பின் அமைப்பு யாவரும் அறிந்ததாக இருந்தமையால், வேறு மென்பொருள்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன.

இனி, உலாவியின் பக்கம் செல்வோம். ரிம் பேர்னர்ஸ்-லீ என்பார் சுவிற்சலாந்தின் எல்லையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் 1990இல் முதலாவது உலாவியை எழுதினார். 1993இல் மார்க் அன்றீசன், எரிக் பீனா ஆகியோர் இலினொய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மொசைக் என்னும் உலாவி, மீண்டும் காண விரும்பும் பக்கங்களின் பட்டியலொன்றைச் சேமித்துவைத்தது. மறு ஆண்டில் வெளிவந்த நெற்ஸ்கேப் உலாவி அதற்குப் புத்தகக்குறி என்ற பெயரை வழங்கியது. பெயரினும் முக்கியமானது, அது அக்குறிகளைச் சேமித்த முறை. வலைப்பக்கங்கள் எந்தக் குறிமொழியில் எழுதப்படுகின்றனவோ அதே குறிமொழியிலேயே புத்தகக்குறிக் கோப்பும் எழுதப்பட்டது. ஆகவே அக்கோப்பை ஒரு சிறு தகட்டிலே பிரதிசெய்து வேறு கணினிக்குக் கொண்டு சென்றால், அங்கே எந்த உலாவியிலும் அதனை ஒரு சாதாரண பக்கமாகவே திறந்து காணலாம்.

1995இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் இன்ரநெற் எக்ஸ்புளோறர் என்னும் உலாவியை வெளியிட்டது. இரு நிறுவனங்களுக்கும் இடையே கடும் போட்டி மூண்டது. மைக்ரோசொப்ற் தன் உலாவியில் புத்தகக்குறிக்கு விருப்பங்கள் என்று வேறு பெயரிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு கோப்பாக வைத்தது. எனினும் நெற்ஸ்கேப்பைப் பயன்படுத்தியோரைத் தன்பால் ஈர்க்க வேண்டுமாயின், அவர்தம் குறிகளை ஏற்றுக்கொள்ளவேண்டும் அன்றோ? ஆகவே 1999இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு, எதிரியின் கோப்பமைப்பிலேயே குறிகளை உள்வாங்கவும் வெளியிடவும் கற்றது. போட்டியில் நெற்ஸ்கேப் தோற்றது. அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி, அதன் உலாவிக்கான ஆதரவும் 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் தேதியோடு முடிவுற்றது. ஆயினும் இன்று குரோம், பயர்பொக்ஸ் முதலிய எந்த உலாவியில் இருந்தும் புத்தகக்குறிகளைக் கோப்பாக வெளியேற்றிப் பாருங்கள். அக்கோப்பின் முதல்வரியில் நெற்ஸ்கேப் என்னும் பெயர் நிற்கக் காண்பீர்கள். அரசு வீழ்ந்த பின்னரும் அதன் நாணயம் சந்தையிற் செல்லுபடியாவதைப் போன்றது இது. அந்நாணயத்தை எவரும் எடைபோட்டுச் சோதிக்கலாம் என்பதே அது நிலைத்ததன் காரணம்.

மடலுக்கும் குறிக்கும் வாய்த்த இந்த எளிமை, அமைவுகளுக்கு வாய்க்கவில்லை. அமைவுகள் என்பன யாவை? மடல் எந்தச் சேவையகத்திலிருந்து வரவேண்டும், எதன் வழியே செல்லவேண்டும், கணக்கின் பெயர் யாது, கடிதத்தின் அடியிற் கையொப்பமாக எது தோன்றவேண்டும் என்பன போன்ற குறிப்புகள். பழைய விண்டோஸ் முறைமையில் இவை பெரும்பாலும் எழுத்துக் கோப்புகளில் இருந்தன. 1992இல் பதிவேடு என்னும் பொதுக் களஞ்சியம் விண்டோஸில் அறிமுகமானது; 1995ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மென்பொருள்கள் தம் அமைவுகளை அதனுள்ளேயே வைக்கத் தலைப்பட்டன. அது பொறிக்கு வசதி, குடிபெயர்வோருக்கு இடர். ஒரு மென்பொருளின் அமைவுகளை மட்டும் பிரித்தெடுப்பது சாதாரண மக்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிற்று.

எடுத்துக்காட்டாக, ஒரு காலத்தில் எண்ணற்ற வீடுகளில் வழங்கிய அவுற்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் அஞ்சல் மென்பொருளை நோக்குவோம். அதன் மடல்கள், நீண்ட எண்வரிசையைப் பெயராகக் கொண்ட மறைவான கோப்புறையொன்றில் இருந்தன. முகவரிப் புத்தகம் வேறோரிடத்தில் இருந்தது. கணக்கின் அமைவுகள் பதிவேட்டுக்குள் இருந்தன. ஒருவர் மடல்களைக் கண்டெடுத்துப் பெயர்த்தாலும் முகவரிகள் பின்தங்கின. முகவரிகளைப் பெயர்த்தாலும் கணக்குகள் பின்தங்கின. அதுமட்டுமன்று. யூடோறா, நெற்ஸ்கேப் முதலிய பிற மென்பொருள்களின் மடல்களை உள்ளே ஏற்க அது பல வாயில்களைத் திறந்துவைத்திருந்தது. மடல்களை மொத்தமாக வெளியே அனுப்பவோ, அதே நிறுவனத்தின் பிற அஞ்சல் மென்பொருளுக்குச் செல்லும் வாயிலே இருந்தது. வணிகர் இவ்வாறு செய்தல் வியப்பன்று. ஆயின் அக்கதவுக்குப் பின்னே நின்றவை வாடிக்கையாளரின் சொந்தக் கடிதங்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தொல்லையைத் தீர்க்க அறிஞர் முயலாமலில்லை. 1997இல் ஒரு பொது நெறிமுறை வெளியிடப்பட்டது. கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த பணியிலிருந்து பிறந்த அது, முகவரிப் புத்தகம், அஞ்சல் அமைவுகள், புத்தகக்குறிகள் ஆகியவற்றைச் சேவையகத்தில் வைத்து, எந்தக் கணினியில் அமர்ந்தாலும் பெறச் செய்யும் நோக்கமுடையது. மறு ஆண்டில் நெற்ஸ்கேப்பும் இதையொத்த வசதியொன்றைத் தன் மென்பொருளிற் சேர்த்தது. இரண்டும் காலத்துக்கு முந்திப் பிறந்தன. அவற்றை ஏற்று நடத்தும் சேவையகங்கள் மக்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே அவை பரவவில்லை.

பின்னர்ப் பணிசெயல் முறைமையை ஆக்குவோரே இப்பொறுப்பை ஏற்றனர். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கோப்புகளையும் அமைவுகளையும் மாற்றித்தரும் உதவியாளன் ஒன்றை உடன்கொண்டு வந்தது. உலாவியின் விருப்பங்களையும் அஞ்சற் கணக்குகளையும் அது பெயர்த்தது. கடவுச்சொற்களை மட்டும் பெயர்க்கவில்லை. அப்பிள் நிறுவனம் 2005இல் இடம்பெயர்வு உதவியாளனை வழங்கியது. 2007இல் மக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவோ இரு கணினிகளை நேரே இணைக்கும் தனிக் கம்பிவடத்தையும் துணைக்கொண்டது. ஆயினும் 2015இல் வெளியான விண்டோஸ் 10இல் அவ்வுதவியாளனுக்கு இடமில்லை. அதற்குள் மக்கள் வேறொரு வழிக்குப் பழகத் தொடங்கியிருந்தனர். அவ்வழியைக் கூறுமுன், தமிழ் எழுதுவோர்க்கே உரிய ஓர் இடரைச் சொல்லியாகவேண்டும்.

நம் நாட்டிலே நெடுங்காலம் தமிழ் மடல்கள் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே எழுதப்பட்டன. அவ்வெழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருந்தவை ஆங்கில எழுத்துகளே. தமிழ் என்பது மேலே போர்த்த ஆடை. ஆகவே மடலைப் பத்திரமாகப் புதிய கணினிக்குப் பெயர்த்தபின்னரும், எழுத்துருவைப் பெயர்க்க மறந்தால் திரையில் தோன்றியது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. தமிழ் எழுத்துகளுக்குத் தனியிடம் வகுத்த யூனிக்கோட் நியமம் 1991இலேயே வெளிவந்தது. எனினும் விண்டோஸ் 2000 முறைமையிலேதான் அதற்கான ஆதரவு முதன்முதலிற் கிடைத்தது. வழக்கில் வேரூன்ற மேலும் பல்லாண்டுகள் சென்றன. இடைக்காலத்தில், கோப்பாக உயிருடன் இருந்தும் படிக்க இயலாமற்போன தமிழ் மடல்களை மீட்க, எழுத்துமாற்றிகளைத் தேடவேண்டியதாயிற்று. கோப்பு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, அதனைப் படிக்கும் முறையும் உடன்வரவேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

இனி அவ்வழிக்கு வருவோம். இணையம் விரைவும் மலிவும் பெற்றபின், பெயர்த்தல் என்பதற்குப் பதிலாக ஒத்திசைத்தல் என்பது வழக்காயிற்று. மொஸில்லா அமைப்பு 2007இல் தொடங்கிய முயற்சி, 2011இல் வெளியான பயர்பொக்ஸ் நான்காம் பதிப்பில் உலாவியின் உறுப்பாகவே அமைந்தது. குரோம் உலாவியிலும் 2010இன் தொடக்கத்திற் புத்தகக்குறிகள் இவ்வாறு ஒத்திசைக்கப்பட்டன. புதிய கணினியில் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன் குறிகள் யாவும் தாமே வந்து நிறைகின்றன. மின்னஞ்சலிலும் மார்க் கிறிஸ்பின் வகுத்த முறை மேலோங்கியது. 1965ஆம் ஆண்டின் நிலைக்கே ஒருவகையில் நாம் திரும்பிவிட்டோம். மடல் ஓரிடத்தில் இருக்கிறது. நாம் இடம் மாறி மாறி அமர்கின்றோம்.

வசதி பெரிது, ஆயினும் பழைய வினா மறையவில்லை. எக்ஸ்மார்க்ஸ் என்னும் சேவை, பல்வேறு உலாவிகளுக்கிடையே புத்தகக்குறிகளை ஒத்திசைத்து வந்தது. வருவாய் போதாமையால் மூடப்போவதாக 2010இல் அது அறிவித்தது. பயனர் பலர் பணந்தர முன்வந்தனர். வேறொரு நிறுவனம் அதனை வாங்கிக் காத்தது. எனினும் 2018ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி அது மூடப்பட்டது. தம் குறிகளைக் கோப்பாக எடுத்து வைத்திருந்தோர் கவலையின்றி வேறிடம் சென்றனர். அதே மாதம் 25ஆந் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் ஒரு நிறுவனத்துக்குத் தந்த தரவுகளை, பொறி படிக்கத்தக்க பொதுவழக்கான வடிவிலே திரும்பப் பெறவும் வேறிடத்துக்குக் கொண்டு செல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்பதை அவற்றின் இருபதாம் உறுப்புரை கூறுகின்றது. சிலருடைய நல்லெண்ணத்தால் வாழ்ந்த ஒரு வசதி, அங்கே சட்டத்தின் சொல்லாயிற்று.

வரலாறு கற்பதன் பயன் நடைமுறையில் விளங்கவேண்டும். ஆதலால் சில குறிப்புகளைக் கூறி முடிக்கின்றேன். கணினியை மாற்ற எண்ணுவோர், தம் அஞ்சல் எந்த நெறிமுறையில் வருகின்றது என்பதை முதலில் அறிக. ஐமெப் ஆயின் மடல்கள் சேவையகத்தில் உள்ளன. புதிய கணினியிற் கணக்கை அமைத்தாற் போதும். தபாலக நெறிமுறை ஆயின் மடல்கள் பழைய கணினியிலேயே இருத்தல் கூடும். அவற்றைக் கையோடு கொண்டு செல்லவேண்டும். சேவையகங்களின் பெயர்களையும் வாயில் எண்களையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்க. பாதுகாப்பான இணைப்பில் ஐமெப்புக்கு 993, தபாலக முறைக்கு 995, வெளிச்செல்லும் மடலுக்கு 465 அல்லது 587 என்பன பொதுவழக்கு. தண்டர்பேட், பயர்பொக்ஸ் ஆகியவற்றில் அமைவுகள் யாவும் ஒரே கோப்புறையில் உள்ளன. மென்பொருளை மூடியபின் அக்கோப்புறையை முழுமையாகப் பிரதிசெய்க. பயர்பொக்ஸில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் திறவுகோல் வேறொரு கோப்பிலும் இருப்பதால், ஒன்றை மட்டும் எடுத்தாற் பயனில்லை. விண்டோஸில் இயங்கும் குரோமின் கடவுச்சொற்களோ அக்கணினியின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. கோப்புறையைப் பிரதிசெய்வதால் அவை வாரா. கடவுச்சொற்களைத் தனிக் கோப்பாக வெளியேற்றுவோர், அக்கோப்பை எவரும் படிக்கலாம் என்பதை நினைவிற்கொண்டு, வேலை முடிந்தவுடன் அதனை அழித்துவிடுக. ஒத்திசைவு இருப்பினும், ஆண்டுக்கொரு முறையேனும் புத்தகக்குறிகளைக் கோப்பாக எடுத்து வைத்தல் நன்று.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. புதிய கணினியிலே உங்கள் மிகப் பழைய மடலைத் திறந்து, அதன் எழுத்துகள் செவ்வனே தோன்றுகின்றனவா என்று வாசித்துப் பாருங்கள். அதுவரை பழைய கணினியைக் கைவிடாதீர்கள். மென்பொருள்கள் தோன்றும், மறையும், நிறுவனங்கள் கைமாறும். யாவரும் படிக்கத்தக்க வடிவில் நம் கையில் ஒரு படி இருக்குமாயின், அம்மாற்றங்கள் நம் மடல்களைத் தீண்டமாட்டா.